வாளியரின் ஓக் மரம்

சுவிஸ் நாட்டிலே மழையை நம்பாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அவர் எங்கள் வாளியர்தான். இங்கே வானம் வருஷத்தில் பாதி நாள் ஒழுகிக்கொண்டே இருக்கும். வெயில் எறித்தால் அதைப் பற்றி ஒரு கிழமைக்குக் கதைக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், மழை கொட்டுகிற நேரம் பார்த்து, இடது கையில் குடையும் வலது கையில் தண்ணீர் வாளியுமாக மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப் போய், நனைந்துகொண்டு நிற்கிற ஒரு மரத்துக்கு மேலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற மனிதரை நீங்கள் கண்டதுண்டா? நான் இருபது வருஷத்துக்கு மேல் கண்டேன். நான் சமைக்கிற குசினியின் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது.

லிப்ட் இருந்தது. வாளியர் அதில் ஏற மாட்டார்.

"லிப்டுக்குள்ள தண்ணி தளம்பும் தங்கச்சி. படியில தளம்பாது."

படியில்தான் தளம்பும். காலை ஏழு மணிக்கு மூன்று மாடிப் படியும் கழுவி விட்டதுபோலக் கிடக்கும். இரண்டாம் மாடி இத்தாலிக்காரி ஒருநாள் அதில் வழுக்கி, இருந்த இருப்பிலேயே நான்கு படி இறங்கினாள். எழும்பி நின்று அவள் பேசிய பேச்சு ஒன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் நல்ல வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் விளங்கியது. வாளியர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மேலே போய்ச் சிந்தின தண்ணீருக்குப் பதிலாக இன்னொரு வாளி கொண்டு வந்தார்.

அவருடைய முழுப் பெயர் தபால் பெட்டியில் பாதிதான் கொள்ளும். மற்றப் பாதி என்னவென்று அவர் செத்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. வில் என்கிற நகரத்தில் எங்கள் பிளொக்கில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் அவர் வாளியர். ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். பிள்ளை குட்டி இல்லை. மனுசி சிவகாமி வயிற்றில் வந்த வருத்தத்தில் செத்துப்போனா. அந்த ஓக் மரத்தின் கீழேதான் அவ இருந்தா.

ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே ஒருவர் இறந்தால் எரித்துச் சாம்பலை ஒரு மண் சாடியில் போட்டு வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். எங்கள் சனம் அதை வாங்கி, ஐயரைக் கூட்டிக்கொண்டு போய், ஓடுகிற ஆற்றில் கரைக்கும். என்னுடைய மனுசனை நான் ரைன் நதியில் விட்டேன். முறை அதுதான். வாளியர் விடவில்லை. குளிர்காலம் முழுக்கச் சாடியைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வசந்த காலம் வந்ததும் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் புல்தரையில் ஒரு குழி கிண்டி, சாம்பலைப் போட்டு, மேலே ஒரு ஓக் கன்றை நட்டுவிட்டார்.

நான் போய் மறித்துக் கேட்டேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது.

"அண்ணை, சாம்பலைத் தண்ணியில விடாமல் மண்ணுக்குள்ள வைச்சால் ஆத்மா எங்க போறது?"

"எங்கையும் போகாது. அதுக்குத்தானே வைச்சனான்" என்றார்.

இப்படிக் கதைக்கிற மனிதரோடு என்ன வழக்காட முடியும்?

அந்தக் கன்று வந்த கதையும் சாதாரண கதை இல்லை. சிவகாமி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இலையுதிர்காலத்தில், தாதிமார் பின்னேரங்களில் அவவைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஓக் மரத்தடியில் விழுந்து கிடந்த கொட்டைகளில் மூன்றைப் பொறுக்கி மேற்சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறா. ஏன் பொறுக்கினா, எதற்குப் பொறுக்கினா என்று கேட்க ஆள் இல்லை. செத்த பிறகு உடுப்புகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாளியர் அந்த மேற்சட்டைப் பைக்குள் கையை விட்டார், கொட்டை தட்டுப்பட்டது. மனுசி தனக்குப் பாக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.

"அந்தக் கைப்பு இண்டைக்கும் நாக்கில நிக்குது தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிற்பாட்டிவிட்டோம்.

மிஞ்சினது இரண்டு. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு சுவிஸ்காரன்தான் அது ஓக் மரத்துக் கொட்டை, முளைக்க வேண்டுமென்றால் அதற்குக் குளிர் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தானாம். வாளியர் ஈர மணலுக்குள் இரண்டையும் புதைத்து, பிரிட்ஜில் கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அழுகிப்போனது. மற்றது வெடித்தது. தயிர்ப் பேணியில் மண் போட்டு வைத்தார். ஒரு மாதமாக மேலே ஒன்றும் இல்லை. செத்துப்போயிற்று என்று பேணியைக் கவிழ்த்துப் பார்த்தால், கீழே விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். அந்தச் சாதி மரம் அப்படித்தானாம், முதலில் கீழே போகும், பிறகுதான் மேலே வரும். அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

நட்ட முதல் வருஷமே புல்லு வெட்டுகிற மெஷின் அதைத் தின்றுவிட்டது. மெஷினை ஓட்டினது எங்கள் பிளொக்கின் பராமரிப்பாளர். இங்கே ஹவுஸ்வார்ட் என்பார்கள். நெட்டையான, நேர்மையான, சிரிக்கத் தெரியாத மனிதர். புல் என்றால் புல் மட்டும்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய சமயம். ஓக் கன்று அடியிலிருந்து திரும்பத் தளிர்த்தது. வாளியர் தன் குசினி ஓவனுக்குள் இருந்த கம்பித் தட்டுகள் நான்கையும் கழற்றிக்கொண்டு வந்து சுற்றிவர ஊன்றி வேலி கட்டினார். ஹவுஸ்வார்ட் அதைப் பிடுங்கி அவருடைய வாசலில் வைத்தார். வாளியர் திரும்ப ஊன்றினார். அவர் திரும்பப் பிடுங்கினார். கடைசியில் வாளியர் ஒரு கதிரையைக் கொண்டு போய்க் கன்றுக்கு மேலே போட்டு, தானே அதில் ஏறி இருந்துவிட்டார். கன்று அவருடைய கால்களுக்கு நடுவில் நின்றது. மெஷின் சுற்றிச் சுற்றி வந்தது. வியாழக்கிழமை தோறும் இதே காட்சி. புல்தரையில் கதிரை அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

"கீழ என்ன கிடக்கெண்டு அந்தாளுக்குச் சொல்லுங்கோவன், விடுவார்" என்றேன்.

"சொன்னால் படிவம் நிரப்பச் சொல்லுவார்."

அதுவும் உண்மைதான்.

மூன்றாம் வருஷம் ஹவுஸ்வார்ட் தோற்றார். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதுச் சண்டை வரும். இளம் ஓக் மரம் இலையை உதிர்க்காது. காய்ந்து மண்ணிறமான இலைகளைப் பிடித்துக்கொண்டே வசந்தம் வரைக்கும் நிற்கும். மற்ற மரங்களெல்லாம் மொட்டையாய் நிற்க, இது மட்டும் பழைய இலைகளோடு சரசரத்துக்கொண்டு நிற்கும். ஹவுஸ்வார்ட் வாளோடு வந்துவிடுவார், செத்த மரத்தை வைத்திருக்க முடியாது என்று. வாளியர் நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே இருக்கிற பச்சையைக் காட்டுவார். "லேப்ட், லேப்ட்" என்பார். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஹவுஸ்வார்ட் வராத நாட்களிலும் போய்ச் சுரண்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, உந்தச் சுரண்டலிலயே அது செத்துப்போகும்."

"ஒருக்காப் பாத்திட்டு வாறன், தங்கச்சி. ஒருக்கா."

சிவகாமி கிடந்த ஆஸ்பத்திரியிலும் அவர் அப்படித்தான் நின்றார். தாதி வெளியே போகச் சொன்னால், ஒருக்காப் பார்த்துவிட்டு வாறன் என்று திரும்பத் திரும்ப அறைக்குள் போவார்.

மரம் என் ஜன்னல் உயரத்துக்கு வந்த வருஷம் ஒரு புதுமை நடந்தது. கோடையில் இலைகளெல்லாம் வெள்ளை பூத்துவிட்டன. மா தூவினதுபோல மெல்லிய வெள்ளைப் பொடி. அடுத்த பிளொக் பவளம் கோயிலுக்குப் போகிற வழியில் கண்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா! இலையில திருநீறு! சிவகாமியக்கா திருநீறு தாறா!"

அடுத்த நாள் கற்பூரம் வந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது பெண்கள் வந்தார்கள். சைக்கிள் நிறுத்துகிற கம்பியில் தேங்காய் உடைத்தார்கள். ஒருத்தி மகனுக்கு இங்கே தங்க பேர்மிட் கிடைக்க வேண்டும் என்று கிளையில் மஞ்சள் துணி கட்டினாள். இலையைக் கிள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு போனார்கள். சாம்பலை மண்ணில் புதைத்தார் என்று இத்தனை வருஷம் அவரை ஏசின அதே வாய்கள். என் வாயும் அதில் ஒன்று. அன்றைக்கு நானும் கொஞ்சம் பூசினேன். பொய் சொல்லக் கூடாது.

வாளியர் வேலையால் வந்தார், பார்த்தார், மேலே போனார். வாளி நிறையப் பாலும் தண்ணீரும் கலந்து, ஒரு பஞ்சும் ஏணியும் கொண்டு இறங்கினார். இலை இலையாகக் கழுவத் தொடங்கினார்.

"ஐயோ அண்ணை, சாமியை ஏன் கழுவுறியள்?" என்று பவளம் கத்தினாள்.

"சாமியில்லை, பூஞ்சணம். மரத்துக்கு வாற வருத்தம்."

"உங்கட மனுசி எங்களுக்குத் தாற திருநீறு!"

"என்ர மனுசி சீவிச்ச காலத்தில எனக்கே ஒரு நாளும் எடுத்துத் தரேல்லை. உங்களுக்கு ஏன் தரப்போறாள்?"

ஒன்பது பேரும் போய்விட்டார்கள். அந்தப் பையனுக்கு பேர்மிட் கிடைத்தது. தாய் மட்டும் நெடுநாளாக ஒளித்து ஒளித்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இப்படியே மரம் வளர்ந்தது. வாளியருக்கு ஓய்வூதிய வயது வந்தது. எனக்கு முழங்கால் போனது. பிறகு ஒருநாள் எல்லார் தபால் பெட்டியிலும் ஒரே மாதிரிக் கடிதம் விழுந்தது. மூன்று பிளொக்கையும் இடிக்கப் போகிறார்கள், புதிதாகக் கட்டப் போகிறார்கள், இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் வேறு வீடு பார்க்க வேண்டும். பிளொக் முழுக்க ஒப்பாரி. இத்தாலிக்காரி படியில் இருந்து அழுதாள். வாளியர் கடிதத்தோடு இருந்த வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். மேசையில் விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"நிலத்துக்குக் கீழ கார் விடுற இடம் கட்டப்போறாங்களாம். இதாலதான் கார் இறங்குமாம் தங்கச்சி."

"எதால?"

"சிவகாமியால."

வீடு போவதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. மரம் குறிப்பிட்ட அளவுக்குப் பருத்துவிட்டால் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. யாரோ சொல்லி, வாளியர் மரங்களைப் பார்க்கிற நகரசபைக் கந்தோருக்குப் போனார். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். கட்டைத் தலைமயிர், சேற்றுச் சப்பாத்து, நல்ல முகம். நெஞ்சு உயரத்தில் அளவு நாடாவைச் சுற்றினாள். சட்டம் கேட்கிற அளவுக்கு இரண்டு விரல் காணாது. அடுத்த கோடையில், வீடு கட்ட விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், இன்னொரு தரம் வந்து அளப்பதாகச் சொன்னாள். அதற்குள் பருத்தால் மரம் தப்பும். அந்த இரண்டு விரலில் தொங்கியது வாளியரின் சீவியம்.

அன்றிலிருந்து மரத்துக்குச் சாப்பாடு போடத் தொடங்கினார். சிவகாமி சட்டை தைக்க வைத்திருந்த அளவு நாடாவால் காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அளப்பார். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று அளக்க, அது என்ன நீரிழிவா? பக்கத்துக் கிராமத்தில் மாடு வளர்க்கிறவனைப் பிடித்துச் சாணம் வாங்கி, வாளியில் போட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் அவரைச் சுற்றி நான்கு வரிசை காலி. சாரதி கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினானாம். மூன்றாம் தரம் போனபோது அவன் கதவைத் திறக்கவே இல்லை. வாளியர் நடந்து வந்தார், ஒன்றரை மணி நேரம்.

கார்த்திகை மாதம் வந்தது. மரம் ஒரு நூல்கூட அசையவில்லை. மனிதர் மெலிந்து கொண்டு போனார். அவர் நாடாவைப் பிடித்தபடி நிற்பதை ஜன்னலால் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போனேன்.

"அண்ணை, உப்புப் போடுங்கோ."

"உப்போ?"

"நாங்கள் தென்னை வைச்ச ஆக்கள். குழிக்குள்ள உப்புப் போடாமல் வைக்கிறதில்லை. உப்புப் போட்டால்தான் அடி பருக்கும்."

"இது ஓக் மரமெல்லோ?"

"மரமெண்டால் மரம்தானே அண்ணை. எனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் யாரும் மறுத்துக் கதைப்பதில்லை. அப்படித்தான் நான் சீவித்தேன். வாளியர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளொக் வாசலில், நடைபாதையில் உறைபனிக்குப் போடுகிற உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டு மூட்டையைத் தள்ளு வண்டியில் கொண்டு வந்தார். சுற்றிவர வாய்க்கால் வெட்டினார். அவர் கொட்டக் கொட்ட, மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "தாராளமாப் போடுங்கோ" என்று சொன்னதும் நான்தான்.

இதை இதுவரைக்கும் நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

சித்திரையில் மரம் தளிர்த்தது. வைகாசியில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது, நெருப்புக் காட்டினதுபோல. ஆனியில் அந்தப் பெண் வந்தாள். முதலில் நாடாவைச் சுற்றினாள். இலை கருகினதிலிருந்து வாளியர் தன் நாடாவைத் தொட்டதில்லை. நானும் பக்கத்தில் நின்றேன், பவளமும் ஹவுஸ்வார்ட்டும் நின்றார்கள். அளவு காணும் என்றாள். அரை விரல் கூடவே இருந்தது. கண்டீர்களா, மரம் தன்பாட்டில் பருத்திருக்கிறது. ஒன்றும் போடாமல் விட்டிருந்தாலே போதும்.

பிறகு அவள் மேலே பார்த்தாள். குந்தியிருந்து ஒரு சின்னக் கரண்டியால் மண்ணைக் கிண்டினாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

யார் உப்புப் போட்டது என்று கேட்டாள்.

ஹவுஸ்வார்ட் காணாமல்போன தன் மூட்டைகளை நினைத்திருப்பார், திரும்பி வாளியரைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"இஹ்" என்றார் வாளியர். நான். பிறகு, ஒருவரும் கேட்காமலே, இன்னொரு சொல்லும் சொன்னார்: "அலைன்." தனியாக.

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மரம் இனிப் பிழைக்காது, சாகிற மரத்தை வைத்து ஒரு கட்டிடத்தை மறிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். ஒரே ஒரு வழி, நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கீழே கழுவிப் பார்க்கலாம், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள். நிறையத் தண்ணீர்! யாரிடம் சொல்கிறாள்!

அந்தக் கோடையில் வாளியர் ஒரு நாளைக்கு நாற்பது வாளி சுமந்தார். ஹவுஸ்வார்ட் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் வீட்டுச் சுவரில் இருந்த குழாயைத் திறந்து, நீளக் குழாய் ஒன்றைப் பூட்டிக் கொண்டு வந்து மரத்தடியில் போட்டார். இருபது வருஷச் சண்டை அப்படித்தான் முடிந்தது. வாளியர் நன்றி சொல்லிவிட்டு வாளியிலேயே சுமந்தார். குழாய் தன்பாட்டில் ஓட, இவர் தன்பாட்டில் ஏறி இறங்கினார். நானும் ஒரு பானையோடு இறங்கினேன்.

"உந்த முழங்காலோட ஏன் தங்கச்சி?"

"எனக்குப் பொழுது போகேல்லை" என்றேன்.

ஆவணியில் இலை ஒன்றும் இல்லை. வாளியர் நகத்தால் சுரண்டினார். மண்ணிறம். இன்னோர் இடத்தில் சுரண்டினார். மண்ணிறம். என்னைக் கூப்பிட்டு என் நகத்தாலும் சுரண்டச் சொன்னார், தன்னுடைய கண்ணில் பிழை இருக்கலாம் என்று.

தறிக்க இரண்டு பேர் வந்த அன்று வாளியர் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டுக்கொண்டு நின்றார். சிவகாமியின் செத்தவீட்டுக்குப் போட்ட அதே கோட்டு. இப்போது தோளில் தொங்கியது. மரத்தடியில் சப்பாத்தோடு நிற்க வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டார். பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றுவது சட்டப்படி தடையாம். அப்படியென்றால் எதையாவது கழற்றுங்கள் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வாளியர் கற்பூரம் கொளுத்தினார். அது எரிந்து முடிய எடுத்த நேரத்தைவிட மரம் விழ எடுத்த நேரம் குறைவு.

நாங்கள் எல்லாரும் சிதறினோம். வாளியருக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. எனக்குப் பவளத்தின் புது வீட்டுக்கு அருகில் ஒன்று கிடைத்தது. பழைய பிளொக்குகளை இடித்து முடித்து, மண் கிண்டத் தொடங்கிய நாட்களில், வாளியர் காலையிலேயே போய்க் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு ஒரு பின்னேரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தங்கச்சி, வாழ்க்கையில முதல் தரம் டாக்சியில ஏறினனான்."

"எங்க போனீங்கள்?"

"அந்த இடத்து மண்ணை அள்ளி லொறியில ஏத்தினாங்கள். டாக்சிக்காரனிட்ட, முன்னால போற லொறியை விடாத எண்டு சொன்னன். அவன் என்னைப் பொலிஸ் எண்டு நினைச்சுப் பறந்தான்!"

நகரத்துக்கு வெளியே, சல்லிக்கல் கிண்டி எடுத்து வெறுமையாகக் கிடந்த ஒரு பெரிய கிடங்கை அந்த மண்ணால் நிரப்புகிறார்களாம். எந்த மூலையில் கொட்டினார்கள் என்று பார்த்து, அங்கே நின்ற வேலையாளிடம் விசாரித்திருக்கிறார். மேலே புல் விதைத்து வயலாக்கி விடுவார்களாம்.

"ஆள் வீடு மாறியிட்டாள். நான் விலாசம் எடுத்திட்டன்" என்றார் வாளியர்.

அடுத்த வருஷம் இதயம் களைத்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் சோறும் ரசமும் கொண்டு போனேன். இரண்டு கரண்டி எடுத்துவிட்டு வைத்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன்.

"அண்ணை, உப்பு நான் சொன்னது. மரத்தைச் சாகடிச்சது நான்தான். அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால நான் வாய் திறக்கேல்லை."

தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"மனுசி செத்த நாளில இருந்து எல்லாரும் எனக்கு விடு, விடு எண்டுதான் சொன்னாங்கள்" என்றார். "ஆத்தில விடு. மரத்தை விடு. விட்டிட்டு வேற வேலையைப் பார். அதை எப்பிடி வளக்கிறதெண்டு சொன்ன ஆள் நீங்கள் ஒராள்தான் தங்கச்சி. பிழையாத்தான் சொன்னீங்கள். எண்டாலும் சொன்னீங்கள்."

பிறகு ரசத்தில் உப்புக் காணாது என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஐந்தாம் நாள் போய்விட்டார். கனடாவில் இருந்த மருமகன் முறைக்காரன் ஒருவனைத் தொலைபேசியில் பிடித்தோம். வர முடியாது, அங்கேயே முறைப்படி ஆற்றில் கரைத்துவிடுங்கள் என்றான். சாடியை என் கையில் கொடுத்தார்கள். சாடியில் அவருடைய முழுப் பெயர் எழுதியிருந்தது. தமிழில் எழுதினால் அழகான பெயர். ஐயர் நாள் பார்த்துச் சொன்னார். பவளம் ரயில் நேரம் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு நாள் முந்தி, தனியாக, சாடியைச் சீலைத் துணியால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிடங்கு இருந்த இடம் இப்போது மேடும் பள்ளமும் இல்லாத பச்சை வயல். அவர் சொன்ன மூலைக்குப் போனேன். முழங்கால் மடக்க முடியாமல் கீழே விழுந்தாற்போலத்தான் இருந்தேன். கரண்டியால் கிண்டினேன், வைத்தேன், மூடினேன். என் புருஷனை ஆற்றில் விட்ட கைதான் இதையும் செய்தது.

அடுத்த நாள் பவளம் ஆற்றுக்குப் போகத் தயாராகி வந்து நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சுது. நேற்றே போய் விட்டிட்டு வந்திட்டன்" என்றேன்.

"தனியவோ அக்கா? ஆத்திலதானே?"

"ஓம்."

அவள் நம்பிவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தேன், வாசலில் என் சப்பாத்து இருந்தது. அடியில் அந்த வயல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவ மனம் வரவில்லை.